ஆங்கில அளவுச் சொற்களும் பெயர்ச்சொற்களின் பாகுபாடும்

ஆங்கிலம் பயிலும் தமிழ் மாணவர் இழைக்கும் வழுக்களுள் சில, எத்தனை முறை திருத்தப்படினும் மீண்டும் தலைகாட்டுவன. வினையின் காலங்களைச் செவ்வனே கையாளப் பழகியவரும் 'மெனி இன்பொமேஷன்ஸ்' என்றும், 'எ குட் அட்வைஸ்' என்றும், 'மச் புக்ஸ்' என்றும் எழுதுதலைக் காணலாம். பட்டம் பெற்றோர் வரையும் விண்ணப்பங்களிலும், கடைத்தெருவிலுள்ள விளம்பரப் பலகைகளிலும் 'பேணிச்சர்ஸ்', 'எக்குயிப்மென்ற்ஸ்' என்னும் பன்மை உருவங்கள் அச்சமின்றி உலவுகின்றன. இவற்றைக் கவனக்குறைவு என்று கூறி ஒதுக்கிவிடுதல் எளிது. ஆயினும் ஒரே வழு, ஒரே இடத்தில், ஒரே வகையாகப் பலரிடத்தும் நிகழுமாயின் அதன் காரணத்தை மாணவரின் சோம்பலிலே தேடுதல் பயன்தராது. அது அவர்தம் தாய்மொழியின் அமைப்பிலே இருத்தல் கூடும்.

தமிழிலே அஃறிணைப் பெயர் பெரும்பாலும் எண்ணைத் தன்பால் ஏற்பதில்லை. 'மாடு வந்தது' என்பதும் 'மாடு வந்தன' என்பதும் இலக்கணத்துக்கு அமைந்தனவே. பெயர் இரண்டிடத்தும் ஒன்றாக நிற்க, வினைமுற்றே ஒருமை பன்மையை உணர்த்துகின்றது. இத்தகைய பெயரைப் பவணந்தி முனிவர் பால்பகா அஃறிணைப் பெயர் என்பர். 'கள்' என்னும் விகுதி அஃறிணையிலே வேண்டுமிடத்து வரும், வாராதும் நிற்கும். 'பத்து மாம்பழம் வாங்கினான்' என்னும் தொடரில் எவரும் குறை காணார்; பத்து என்னும் சொல்லே பன்மையை உணர்த்திவிட்டமையால் விகுதி மிகையாகின்றது.

ஆங்கிலப் பெயருக்கு இந்த உரிமை இல்லை. அது வாக்கியத்துள் நுழையுமுன்னரே தான் எண்ணப்படும் பொருளா, அளக்கப்படும் பொருளா என்பதை அறிவித்தாக வேண்டும். எண்ணப்படும் பொருளாயின், ஒன்றைக் குறிக்கும்போது 'எ' அல்லது 'அன்' என்பதோ அதனையொத்த வேறொரு சொல்லோ முன்னே வரும். பலவற்றைக் குறிக்கும்போது பன்மை உருவம் வரும். 'ஐ போட் மாங்கோ' என்று வெறும் பெயரை நிறுத்துதல் ஆகாது. எண்ணப்படாத பொருளாயின் இதற்கு நேர்மாறு: 'எ' முன்னே வாராது, பன்மை விகுதி பின்னே வாராது, வினை ஒருமையிலே நிற்கும். முன்னதை எண்ணத்தகு பெயர் என்றும், பின்னதை எண்ணத்தகாப் பெயர் என்றும் ஈண்டு வழங்கலாம். 'எண்ணுப்பெயர்', 'அளவுப்பெயர்' என்னும் பழைய குறியீடுகள் தமிழ் இலக்கணத்தில் ஒன்று, இரண்டு முதலியவற்றையும், நாழி, உழக்கு முதலியவற்றையும் குறிப்பன ஆதலின் அவற்றை இங்கே எடுத்தாளுதல் மயக்கம் தரும்.

இப்பாகுபாட்டை விரித்து ஆராய்ந்தவருள் டென்மார்க்கு நாட்டு மொழியறிஞர் ஒற்றோ எஸ்பேர்சன் குறிப்பிடத்தக்கவர். 1924 இல் அவர் வெளியிட்ட 'இலக்கணத்தின் தத்துவம்' என்னும் ஆங்கில நூலில், வரையறுத்த உருவமும் எல்லையும் உடைய பொருளை மனத்திலே தோற்றுவியாத சொற்களைத் தனி வகையாகப் பிரித்தார். நீர், வெள்ளி, வெண்ணெய் போன்ற பருப்பொருள்களோடு இசை, ஓய்வு, வெற்றி போன்ற நுண்பொருள்களையும் அவர் அவ்வகையில் அடக்கினமை கருதத்தக்கது. மாணவரைப் பெரிதும் இடர்ப்படுத்துவன நுண்பொருட் பெயர்களே. அகராதியிலே இவ்வேறுபாட்டைக் குறியிட்டுக் காட்டும் முறை பிற நாட்டு மாணவரின் தேவையை ஒட்டி வளர்ந்தது. ஹோண்பி, கேற்றன்பி, வேக்ஃபீல்ட் என்னும் மூவர் யப்பானிய மாணவருக்கெனத் தொகுத்து 1942 இல் தோக்கியோவில் வெளிவந்த அகராதி, எண்ணத்தகு பெயருக்கு 'சீ' என்னும் எழுத்தையும், எண்ணத்தகாப் பெயருக்கு 'யூ' என்னும் எழுத்தையும் அடையாளமாக இட்டது. அவ்வகராதியே 1948 இல் ஒக்ஸ்போட் பல்கலைக்கழக அச்சகத்தால் மறுபதிப்புப் பெற்று, பின்னர் உலகெங்கும் பரவிற்று. யப்பானிய மொழியிலும் பெயர்ச்சொல் பெரும்பாலும் ஒருமை பன்மை காட்டாது நிற்கும். ஆங்கிலேயச் சிறுவனுக்கு இக்குறியீடு வேண்டியதில்லை. யப்பானியனுக்கும் தமிழனுக்கும் வேண்டும். அகராதியைக் கையில் வைத்திருந்தும் இவ்வீரெழுத்துக்களைக் கண்ணெடுத்துப் பாராத மாணவர் பலர்.

தமிழ்ப் பெயர் எண்ணைக் காட்டாது நிற்பினும், தமிழர்க்கு எண்ணலும் அளத்தலும் வேறு என்னும் உணர்வு இல்லையென்று கொள்ளுதல் தவறு. உரையாசிரியர்கள் அளவையை எண்ணல், எடுத்தல், முகத்தல், நீட்டல் என நான்காக வகுப்பர். தேங்காய் எண்ணப்படும், பொன் எடுத்து நிறுக்கப்படும், எண்ணெய் முகக்கப்படும், துணி நீட்டி அளக்கப்படும். எண்ணல் ஒன்றுக்கே ஆங்கிலத்தில் 'மெனி' உரியது. ஏனைய மூன்றுக்கும் 'மச்' உரியது. வினாவிலே இவ்வேறுபாடு இன்னும் தெளிவாகப் புலப்படுகின்றது. 'எத்தனை தேங்காய்?' என்று வினவுவோர் 'எத்தனை எண்ணெய்?' என்று வினவார், 'எவ்வளவு எண்ணெய்?' என்றே வினவுவர். 'ஹௌ மெனி', 'ஹௌ மச்' என்னும் இரண்டும் 'எத்தனை', 'எவ்வளவு' என்பவற்றுக்குப் பெரும்பாலும் நேரானவை. அவ்வாறே பல, சில என்பன எண்ணப்படும் பொருளோடு அன்றிச் சேரா. 'பல நூல்' என்னலாம். 'பல நீர்' என்னலாகாது. தொல்காப்பியம் இவ்விரு சொற்களையும் அஃறிணைப் பன்மைப் பெயர்களோடு சேர்த்தே கூறும். நீருக்கு 'மிகுதி', 'சிறிது' என்பன வேண்டும்.

இவ்வாறு செந்தமிழிலே பல, சில, எத்தனை என்பன ஒரு நிரையாகவும், மிகுதி, சிறிது, எவ்வளவு என்பன மற்றொரு நிரையாகவும் நிற்க, பேச்சு வழக்கு இவ்வேலியைப் பெரும்பாலும் நீக்கிவிட்டது. யாழ்ப்பாணத்துப் பேச்சிலே 'கனக்க' என்னும் சொல் சனத்துக்கும் தண்ணீருக்கும் ஒருங்கே வரும். 'கொஞ்சம்' என்பதும் அத்தகையதே: 'கொஞ்சப் பேர்', 'கொஞ்சப் பால்'. 'எவ்வளவு பேர் வந்தவை?' என்று கேட்டலும் உண்டு. ஆதலின் 'மெனி' என்பதற்கும் 'மச்' என்பதற்கும் 'கனக்க' என்று ஒரே பொருள் கூறிக் கற்பிக்கும் ஆசிரியர், மாணவரின் கையிலுள்ள விளக்கைத் தாமே அணைத்துவிடுகின்றார். 'மெனி' என்பதைப் 'பல' என்றும், 'மச்' என்பதை 'மிகுதியான' என்றும், 'எ ஃபியூ' என்பதைச் 'சில' என்றும், 'எ லிற்றில்' என்பதைச் 'சிறிதளவு' என்றும் உரைப்பின், ஆங்கில விதியின் பெரும்பகுதி தமிழிலேயே விளங்கிவிடும். 'கனக்க' என்னும் சொல்லுக்கு ஆங்கிலத்திலே உறவு இல்லாமலில்லை. 'எ லொட் ஒவ்' என்பது அதுவே. நூலுக்கும் வரும், நீருக்கும் வரும். 'சம்', 'எனி', 'நோ', 'ஓல்', 'மோர்', 'மோஸ்ற்', 'இனஃப்', 'பிளென்ரி ஒவ்' என்பனவும் இருபாலும் செல்வன. இவற்றைக் கையாளுமிடத்துச் சொல்லைத் தெரிதலில் இடர் இல்லையாயினும் பெயரின் உருவத்திலே இடர் உண்டு: 'சம் புக்' என்று எழுதிவிட்டுச் 'சில நூல்கள்' எனப் பொருள் கொள்வோர் பலர். 'சம் புக்ஸ்' என்னும்போதே அது சில நூல்களாகும். 'ஈச்', 'எவெரி' என்பன 'ஒவ்வொரு' என்பதைப் போல ஒருமையையே வேண்டுவன ஆதலின் அவற்றால் தமிழ் மாணவர்க்குத் துன்பம் குறைவு.

பணம் பற்றி வகுப்பறையிலே எழும் ஐயம் ஒன்று உண்டு. பணத்தை எண்ணித்தானே கொடுக்கின்றோம். பின் 'மணி' என்னும் ஆங்கிலச் சொல் எண்ணத்தகாதது ஆவது எவ்வாறு என்று கூரிய மாணவர் வினவுவர். எண்ணப்படுவன ரூபாய்களும் சதங்களுமேயன்றிப் பணம் அன்று என்பது இதற்கு விடை. தமிழிலும் 'எவ்வளவு பணம்?' என்பதே வழக்கு, 'எத்தனை ரூபாய்?' எனலாம், 'எத்தனை பணம்?' என்பார் இன்று இலர். இதிலே ஒரு சுவையான வரலாறும் உண்டு. பணம் என்பது முன்னாளில் ஒரு நாணயத்தின் பெயர். அக்காலத்திலே 'பத்துப் பணம்', 'நூறு பணம்' என அது எண்ணப்பட்டது. நாணயம் வழக்கொழிந்து, சொல் செல்வப் பொதுமையைக் குறிக்கத் தொடங்கியபின் எண்ணும் முறை நீங்கி அளக்கும் முறை வந்தது. சொல் ஒன்றே, அதன் வகை மாறிற்று. 'ரைம்' என்னும் சொல்லோ இரு வகையிலும் ஒருங்கே நிற்பது. காலம் என்னும் பொருளில் எண்ணப்படாது. தடவை என்னும் பொருளில் எண்ணப்படும். 'எவ்வளவு நேரம்', 'எத்தனை தடவை' என்று தமிழ் வேறு வேறு சொற்களால் கூறுவதை ஆங்கிலம் ஒரே சொல்லால் கூறுகின்றது.

இதுவரை தமிழ் துணை செய்தது. இனித் தமிழே இடறச் செய்யும் இடங்கள் உள. ஈழத்தவர் 'ஒரு பாண்' என்பர். கடைக்காரர் முழுப் பாண் ஒன்றை எடுத்துக் கொடுப்பர். போர்த்துக்கேயர் வழி வந்த இச்சொல், அவர்தம் மொழியிலும் எண்ணப்படுவதே. ஆனால் 'பிறெட்' என்னும் ஆங்கிலச் சொல் பாண் என்னும் உணவுப்பொருளைக் குறிக்குமேயன்றி உருவமைந்த ஒரு பாணைக் குறியாது. அதற்கு 'எ லோஃப் ஒவ் பிறெட்' என்று கூறல் வேண்டும். 'ஒரு சவர்க்காரம்' என்பதும் அவ்வாறே 'எ சோப்' ஆகாது. 'எ கேக் ஒவ் சோப்' அல்லது 'எ பார் ஒவ் சோப்' ஆகும். எல்லாவற்றினும் தெளிவான எடுத்துக்காட்டு வகுப்பறையிலேயே கிடக்கின்றது. 'வெண்கட்டி' என்னும் தமிழ்ச்சொல் தன்னுள்ளே கட்டி என்னும் கூற்றுப் பெயரை உடையது. கட்டியை எண்ணலாம், ஆதலின் 'மூன்று வெண்கட்டி' என்பது இயல்பாயிற்று. 'சோக்' என்னும் ஆங்கிலச் சொல்லிலே கட்டி இல்லை. சுண்ணப் பொருள் மட்டுமே உண்டு. எனவே கட்டியை வெளியிலிருந்து கொணர்ந்து 'திறீ பீசஸ் ஒவ் சோக்' என வைக்க வேண்டியிருக்கின்றது.

பொருளைக் கூறாக்கி எண்ணும் இம்முறை தமிழருக்குப் புதிதன்று. ஒரு துளி தேன், ஒரு கவளம் சோறு, ஒரு கொத்து அரிசி, ஒரு பிடி கீரை, ஒரு சீப்பு வாழைப்பழம், ஓர் இறாத்தல் பாண் என நாள்தோறும் வழங்கப்படுகின்றன. வேறுபாடு யாதெனில், தமிழர் பருப்பொருளுக்கே கூற்றுப் பெயரைத் தேடுவர். ஆங்கிலேயர் நுண்பொருளுக்கும் அதனைத் தேடுகின்றனர். அறிவுரை, தகவல், செய்தி என்பவற்றைத் தமிழர் இரண்டு அறிவுரை, மூன்று தகவல், நான்கு செய்தி எனத் தயக்கமின்றி எண்ணுவர். ஆங்கிலத்திலோ 'அட்வைஸ்', 'இன்பொமேஷன்', 'நியூஸ்' என்பன நீரையும் மணலையும் போலப் பிரிவின்றிக் கிடப்பன. ஒன்றைச் சுட்ட 'எ பீஸ் ஒவ் அட்வைஸ்', 'அன் ஐற்றம் ஒவ் நியூஸ்' என்று கூறிடல் வேண்டும். 'நியூஸ்' என்பதன் ஈற்றிலுள்ள 'ஸ்' என்னும் ஒலியைக் கண்டு 'தி நியூஸ் ஆர்' என எழுதுவோரும் உளர்; அது ஒருமை வினையையே கொள்வது. இதற்கு மறுதலையாக 'கற்றில்', 'பீப்பிள்', 'பொலிஸ்' என்பன பன்மை விகுதி பெறாதிருந்தும் பன்மை வினை கொள்வன. அவற்றுக்கு 'மெனி' வருமேயன்றி 'மச்' வாராது.

தளபாடம் என்னும் சொல்லை எடுத்துக்கொண்டால் நியாயம் தேடும் மாணவரின் இடர்ப்பாடு நன்கு விளங்கும். நாற்காலி எண்ணப்படும், மேசை எண்ணப்படும், இவற்றின் தொகுதியாகிய 'பேணிச்சர்' மட்டும் எண்ணப்படாது என்பது எவ்வாறு? பொருளின் இயல்பை நோக்கி இதற்கு விடை கூற இயலாது. பிரெஞ்சு மொழியிலே தளபாடத்தைக் குறிக்கும் சொல் எண்ணப்படுகின்றது. தகவலைக் குறிக்கும் சொல்லும் பன்மை பெறுகின்றது. தலைமயிரை ஆங்கிலேயர் 'ஹெயர்' என ஒருமையிலே திரளாகக் காண, பிரெஞ்சுக்காரர் பன்மையிலே இழைகளாகக் காண்கின்றனர். ஆங்கிலத்துக்குள்ளேயே கோதுமையைக் குறிக்கும் 'வீற்' எண்ணப்படாது. அதனையொத்த தானியமாகிய 'ஓற்ஸ்' பன்மையிலே நிற்கும். 'றைஸ்' எண்ணப்படாதது, 'பீன்ஸ்' எண்ணப்படுவது. பட்டாணியின் வரலாறு இன்னும் வியப்பானது. 'பீஸ்' என்பது முற்காலத்தில் ஒருமைக்கும் திரளுக்கும் உரிய பெயராக இருந்தது. அதன் ஈற்றொலியைப் பன்மை விகுதியென்று பிற்காலத்தவர் மயங்கிக் கொண்டமையால் 'பீ' என்னும் புதிய ஒருமை பிறந்தது. ஆகவே எண்ணத்தகுதல் என்பது பொருளினிடத்து உள்ள பண்பு அன்று. அம்மொழியாளர் அப்பொருளை நோக்கிப் பழகிய முறை. 'அட்வைஸ்', 'இன்பொமேஷன்', 'நியூஸ்', 'நொலெட்ஜ்', 'பேணிச்சர்', 'லகேஜ்', 'எக்குயிப்மென்ற்', 'மெஷினெரி', 'சீனெரி', 'ஹோம்வேக்', 'புறொகிறஸ்' ஆகிய சொற்களைக் காரணம் வினவாது மனத்திலே பதித்துக்கொள்ளுதலே தக்கது. இவை நூற்றுக்கணக்கின அல்ல. அன்றாடம் வழுப்படுவன இருபதுக்கு மேற்படா.

சில சொற்கள் வகைக்கேற்பப் பொருளும் மாறுவன. 'பேப்பர்' எண்ணப்படாதபோது தாள். எண்ணப்படும்போது செய்தித்தாள் அல்லது வினாத்தாள். 'அயன்' எண்ணப்படாதபோது இரும்பு. எண்ணப்படும்போது துணி அழுத்தும் பெட்டி. 'கிளாஸ்' கண்ணாடியும் குவளையும் ஆகும். 'வேக்' வேலை, 'எ வேக்' ஒரு நூலோ ஓவியமோ ஆகிய படைப்பு. 'எக்ஸ்பீரியன்ஸ்' ஈட்டிய அனுபவத் திரள். 'அன் எக்ஸ்பீரியன்ஸ்' ஒரு நாள் நிகழ்ந்த அனுபவம். தேநீர்ச்சாலையில் 'ரூ ரீஸ்' என்று கேட்பின் அது இரண்டு கோப்பைத் தேநீர். தேயிலை வணிகர் 'சிலோன் ரீஸ்' என்பாராயின் அது தேயிலையின் பல வகைகள். எண்ணத்தகாப் பெயர் பன்மை பெற்று வருமாயின் அங்கே கூறோ வகையோ உட்கிடையாக நிற்கின்றது என்று கொள்ளலாம்.

இனி, இப்பகுதி முழுவதிலும் மிகுந்த எச்சரிக்கை வேண்டும் இடம் ஒன்று உண்டு. 'மெனி இன்பொமேஷன்ஸ்' என்று எழுதுவோன் புள்ளிகளை இழப்பான். அவன் கருத்து எவருக்கும் விளங்காமற் போகாது. 'ஃபியூ', 'எ ஃபியூ', 'லிற்றில்', 'எ லிற்றில்' என்னும் நான்கின் வேறுபாடு அறியாதோனுக்கோ பொருளே தலைகீழாகின்றது. 'ஃபியூ', 'எ ஃபியூ' என்பன எண்ணத்தகு பெயரின் பன்மையோடும், 'லிற்றில்', 'எ லிற்றில்' என்பன எண்ணத்தகாப் பெயரோடும் வரும் என்பது யாவரும் படிப்பதே. 'எ' என்னும் ஓரெழுத்து அங்கே செய்யும் தொழிலைப் பலர் கருதுவதில்லை. 'ஹீ ஹாஸ் எ ஃபியூ ஃபிறெண்ட்ஸ்' என்பதற்கு அவனுக்கு நண்பர் சிலர் உளர் என்பது பொருள். 'எ' நீங்கிய 'ஹீ ஹாஸ் ஃபியூ ஃபிறெண்ட்ஸ்' என்பதற்கோ அவனுக்கு நண்பர் என்று சொல்லத்தக்கார் அரியர் என்பதே பொருள். முன்னது உள்ளதை நோக்கும். பின்னது இல்லாததை நோக்கும். இருவர்க்கும் நண்பரின் தொகை மூன்றாகவே இருத்தலும் கூடும்.

தமிழிலே இவ்வேறுபாட்டைக் காட்டுவது ஏகாரம். 'சிலர் வந்தனர்' என்பது வந்தோரை நோக்கிய கூற்று. 'சிலரே வந்தனர்' என்பது வாராதோரை நினைந்த கூற்று. பிரிநிலை ஏகாரம் அங்கே சேர்ந்து குறைவைப் புலப்படுத்துகின்றது. எனவே 'எ ஃபியூ' என்பது சிலர். 'ஃபியூ' என்பது சிலரே. 'எ லிற்றில்' என்பது சிறிது. 'லிற்றில்' என்பது சிறிதே, அல்லது இல்லையென்னுமளவு. இரு மொழிகளும் இங்கே எதிரெதிர்த் திசையிற் செல்கின்றமை நோக்கத்தக்கது. ஆங்கிலத்திலே ஓரெழுத்துச் சேரின் உடன்பாடு, நீங்கின் குறைபாடு. தமிழிலே ஓரிடைச்சொல் சேரின் குறைபாடு, நீங்கின் உடன்பாடு. வெறும் சொல்லைக் கண்டதும் வெறும் சொல்லாலே மொழிபெயர்க்கும் மாணவர் தவறான பக்கத்திலே சென்று நிற்பதற்குக் காரணம் இதுவே.

இத்தவற்றின் விளைவு வினாத்தாளோடு முடிவதன்று. நோயாளியின் உறவினரிடம் மருத்துவர் 'தெயர் இஸ் லிற்றில் ஹோப்' என்று கூறுவாராயின், நம்பிக்கை இல்லை என்பதை அவர் மென்மையாக உரைத்தார் என்று கொள்ளல் வேண்டும். அருகிலே நிற்கும் ஆங்கிலம் கற்ற பிள்ளை அதனைக் 'கொஞ்சம் நம்பிக்கை இருக்கிறதாம்' என்று தாய்க்கு எடுத்துக் கூறுமாயின், அக்குடும்பம் நிகழவிருப்பதற்கு ஆயத்தமின்றியே அவ்விரவைக் கழிக்கும். வழக்கொன்றிலே 'தெயர் இஸ் லிற்றில் எவிடென்ஸ்' என்னும் தொடரைச் 'சிறிதளவு சான்று உண்டு' எனப் பெயர்ப்பின், குற்றஞ்சாட்டப்பட்டவனுக்குச் சார்பான கூற்று அவனுக்கு மாறாகத் திரும்பிவிடும். ஒருவருக்கு நற்சான்று வழங்குவோர் 'ஹீ மேட் ஃபியூ மிஸ்ரேக்ஸ்' என எழுதின் அது புகழ். 'எ ஃபியூ மிஸ்ரேக்ஸ்' என எழுதின் குறை. அறிக்கைகளும் சட்டங்களும் இரு மொழிகளுக்கிடையே இடையறாது பெயர்க்கப்படும் நாட்டிலே, இந்நான்கு சொற்களை ஐயந்திரிபற அறியாதோரை அப்பணியில் அமர்த்துதல் தகாது.

அடைகள் சேரும்போதும் பொருள் நுணுகும். 'வெரி ஃபியூ' என்பது மிகச் சிலரே, குறைவு வலியுறும். 'ஒன்லி எ ஃபியூ' என்பதிலே 'எ' இருப்பினும் 'ஒன்லி' அதனை வென்று மீண்டும் 'சிலரே' ஆக்கும். 'குவைற் எ ஃபியூ' என்பது மாணவரை ஏமாற்றுவது. மிகச் சிலர் என்று தோன்றினும் அதன் பொருள் கணிசமான தொகையினர் என்பதாம். 'எ லிற்றில் போய்', 'எ லிற்றில் கார்டின்' என எண்ணத்தகு பெயரின் ஒருமையோடு வரும் 'லிற்றில்' அளவுச் சொல் அன்று. சிறிய என்னும் பண்புச் சொல்.

'மெனி', 'மச்' என்பவற்றைப் பெயரின் வகைக்கேற்ப வைத்துவிட்டால் மட்டும் வாக்கியம் ஆங்கிலமாகிவிடாது. 'ஐ ஹாவ் மச் மணி' என்பதில் இலக்கணப் பிழை யாதுமில்லை. ஆயினும் ஆங்கிலேயர் அவ்வாறு பேசார். 'மச்' என்பது வினாவிலும் எதிர்மறையிலுமே இயல்பாக வருவது. உடன்பாட்டு வாக்கியத்தில் பேச்சுக்கு 'எ லொட் ஒவ்', எழுத்துக்கு 'எ கிறேற் டீல் ஒவ்' என்பன பொருந்தும். 'ரூ', 'ஸோ', 'வெரி' என்பன முன்வரின் உடன்பாட்டிலும் 'மச்' தடையின்றி வரும். 'எ கிறேற் டீல் ஒவ்' என்பது எண்ணத்தகாப் பெயருக்கே உரியது; எண்ணத்தகு பெயருக்கு 'எ கிறேற் மெனி', 'எ லாஜ் நம்பர் ஒவ்' என்பன உள. 'எமவுண்ட்' என்பதை ஆட்களோடு சேர்த்து 'எ லாஜ் எமவுண்ட் ஒவ் பீப்பிள்' என்று எழுதுதல் மனிதரை மூட்டையிலே கட்டி நிறுத்ததைப் போன்றது. 'எ நம்பர் ஒவ் பொய்ஸ்' என்பது பன்மை வினையையும், 'தி நம்பர் ஒவ் பொய்ஸ்' என்பது ஒருமை வினையையும் கொள்ளும். முன்னதிலே சிறுவர் வருகின்றனர், பின்னதிலே தொகை கூறப்படுகின்றது.

'லெஸ்', 'ஃபியூவர்' என்னும் இரண்டைப் பற்றி ஆங்கிலேயருக்குள்ளேயே பூசல் உண்டு. எண்ணத்தகு பெயருக்கு 'ஃபியூவர்', எண்ணத்தகாப் பெயருக்கு 'லெஸ்' என்பது பாடநூல் விதி. இது தொன்றுதொட்டு வந்த சட்டம் அன்று. 9 ஆம் நூற்றாண்டில் ஆண்ட அல்பிறெட் மன்னரின் பெயரால் வழங்கும் பழைய ஆங்கில நூலிலேயே 'லெஸ்' என்பதன் முன்னை உருவம் சொற்களை எண்ணுமிடத்தில் வந்துள்ளது. 1770 இல் றொபேட் பேக்கர் என்பார் எண்ணப்படும் பொருளுக்கு 'ஃபியூவர்' வருதல் நயமுடைத்து எனத் தம் விருப்பத்தைத் தெரிவித்தார். பின்வந்த ஆசிரியர்கள் அவ்விருப்பத்தை விதியாக்கினர். ஆங்கில நாட்டுப் பெருங்கடைகளில், சில பொருள்களே வாங்குவோர் நிற்கும் இடத்தில் 'ரென் ஐற்றம்ஸ் ஓ லெஸ்' என்னும் பலகை தொங்குவதுண்டு. விதியறிந்தோர் நெடுநாள் அதனைக் குறைகூறி வந்தனர். 2008 இல் ரெஸ்கோ நிறுவனம் இரு சொல்லையும் தவிர்த்து, பத்துப் பொருள் வரை என்று பொருள்படும் புதிய தொடரை மேற்கொண்டது. தேர்வு எழுதும் மாணவர் பாடநூல் விதியைக் கடைப்பிடித்தலே பாதுகாப்பானது. பிறர் எழுத்திலே 'லெஸ்' வந்தவிடத்தெல்லாம் சிவப்பு மை இடுதல் வேண்டா.

பாடநூல் விதியைக் கொண்டோரும் நினைவிற் கொள்ள வேண்டிய விலக்கு ஒன்று உளது. தூரம், காலம், நிறை, பணம் என்பன எண்ணோடு வந்தாலும் ஓரளவாகவே கருதப்படும். பத்து மைலுக்குக் குறைவு என்பது 'லெஸ் தான் ரென் மைல்ஸ்'. ஐந்தாண்டுக்குக் குறைவு என்பது 'லெஸ் தான் ஃபைவ் இயர்ஸ்'. பத்து மைல் என்பது பத்துத் தனிப்பொருள் அன்று, ஒரு தூரம். தமிழிலே 'குறைவு' என்னும் சொல் எண்ணுக்கும் அளவுக்கும் பொதுவாக நிற்றலின் இங்கே தாய்மொழியின் துணை கிடையாது. ஆங்கிலத்திலும் மிகுதியைக் குறிக்கும் 'மோர்' என்னும் சொல் இரண்டுக்கும் பொதுவே. ஆனால் அதுவும் எக்காலத்தும் அவ்வாறு இருந்ததன்று. 'மோ' என்பது எண்ணப்படும் பொருளுக்கும், 'மோர்' என்பது அளக்கப்படும் பொருளுக்கும் எனப் பிரிந்து நின்ற காலம் ஒன்று இருந்தது. 'மோ' காலப்போக்கில் வழக்கொழிந்து, அதன் இடத்தையும் 'மோர்' எடுத்துக்கொண்டது. 'ஃபியூவர்' இன்னும் அந்நிலையை அடையவில்லை.